சனிக்கிழமைப் பனி

ஆர்டிஸ் அம்மாவின் வீட்டு எண் இரட்டைப்படை. அதில் ஒரு சங்கடம் இருக்கிறது என்று அந்த வறட்சி வருஷம் வரைக்கும் அவருக்குத் தெரியாது.

இரண்டு குளிர்காலமாக மலை உச்சியில் உறைபனியின் வெள்ளையே இல்லை; அது உருகி வந்தால்தான் ஊருக்குத் தண்ணீர். நகராட்சி எல்லா வீட்டுக்கும் ஒரு பச்சைத் தாள் அனுப்பியது. தோட்டத்தில் தெளிப்பான் ஓடக் கூடாது. குழாயைக் கையில் பிடித்து நின்று, காலை ஒன்பது மணிக்குள் ஊற்றிக்கொள்ளலாம். வாரத்தில் ஒரே நாள். இரட்டைப்படை வீடுகளுக்குச் சனிக்கிழமை, ஒற்றைப்படை வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போகிற ஜனங்கள் வீட்டில் இருக்கிற நாள் என்று நல்ல மனதோடுதான் வைத்தார்கள்.

ஆனால் ஆர்டிஸ் அம்மாவின் சபையில் சனிக்கிழமைதான் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர் வீட்டில் துடைப்பம் மூலைக்குப் போய்விடும். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் பருப்பையும் வால்நட்டையும் அரைத்து நோயாளிகளுக்கு ஆக்கிப் போட்டே அவர் காலம் ஓடியது. அங்கே சனிக்கிழமை முறை வந்தால் மனக்கிலேசம் இல்லாமல் போவார். பசித்தவனுக்குச் சோறு போடுவது இரக்கத்தின் வேலை. சொந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்படியா? அவர் மனசு ஒப்பவில்லை.

தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. புல் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நின்ற மல்பெரி மரம்தான் கவலை. காய்க்காத மரம், நிழல் மட்டும் தரும். அந்த ஜன்னலுக்கு உள்ளேதான் அவர் கணவர் வெண்டெல், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, கட்டிலில் கிடந்தார். சூடு அவருக்கு ஆகாது. போன கோடையில் ஒரு தரம் மயங்கி ஆம்புலன்ஸில் போய் வந்தார். ஜன்னல் ஏசி சத்தம் போடுமே தவிர, மேற்கு வெயில் நேரே அடித்தால் தோற்றுப்போகும். மரம் போனால் அந்த அறை அடுப்புதான்.

ஜூலையில் இலை சுருண்டு மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் வாளி வாளியாகத் தூக்கி ஊற்றினார். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். நகராட்சிக்குப் போன் போட்டார்.

"எல்லாருக்கும் ஒரு நாள்தாம்மா," என்றாள் போனை எடுத்த பெண். "உங்களுக்கு மாத்திக் கொடுத்தா நாளைக்கு ஊரே வரிசையில நிக்கும். அன்னைக்குப் பக்கத்து வீட்டுல யாரையாவது ஊத்தச் சொல்லுங்களேன்."

அதுவும் முடியாது. ஓய்வு நாளில் தான் செய்யாததை அடுத்தவரைச் செய்யச் சொன்னால் அது தான் செய்ததற்குச் சமம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கற்றிருந்தார்.

எதிர் வீட்டு கெரிட் ஒற்றைப்படைக்காரர். மாட்டுப்பண்ணை வைத்திருந்து விற்றுவிட்டு வந்த டச்சுக்காரர். மனைவி வைத்துவிட்டுப் போன ரோஜாச் செடிகளோடு தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் ஆராதனைக்குப் போவார். அன்றைக்குத் தோட்டக் கத்தரியைக்கூடத் தொடமாட்டார்.

குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்கு உருட்டி வந்த ஒரு காலையில் அவரே ஆரம்பித்தார்.

"என்ன சிஸ்டர், உங்க மரம் இப்பவே குளிர்காலம்னு நெனச்சிடுச்சா?"

"உங்க ரோஜா மட்டும் என்னவாம்? கடன்காரனைப் பாத்த மாதிரி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது."

"எனக்கு ஞாயித்துக்கிழமையக் கொடுத்திருக்கான். அன்னைக்கு நான் குழாயத் தொட்டா எங்கப்பா கல்லறையிலருந்து எழுந்து வந்து காதைத் திருகுவாரு."

"எனக்குச் சனிக்கிழமை."

இரண்டு பேரும் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். கெரிட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆர்டிஸ் அம்மா கையைத் தூக்கினார்.

"நான் உங்ககிட்ட எதுவும் கேக்கல கெரிட். கேக்கவும் மாட்டேன். கேட்டா அது என் வேலையாயிடும்."

"நானும் எதுவும் சொல்லலியே," என்றார் கெரிட். சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது மரத்தடி மண் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது. குனிந்து தொட்டார். மண் விரல் ஆழத்துக்குக் குளிர்ந்திருந்தது. சுற்றிலும் பாத்தி கட்டி, ஒரு சொட்டும் நடைபாதைக்கு ஓடாமல் ஊற்றியிருந்தது. உள்ளே வெண்டெல் பாதி முகத்தால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க வந்தது?"

வெண்டெலுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். "ப...பனி," என்றார்.

"ஜூலை மாசத்துலயா?"

"அப்படித்தான்... சொல்லச் சொன்னாரு."

ஆர்டிஸ் அம்மா தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். கேட்கவில்லை. கேட்காமலே வந்துவிட்டது. தோத்திரம் சொல்வதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை கெரிட்டின் கார் கோயிலுக்குக் கிளம்பியதும் அவர் தெருவைத் தாண்டிப் போய், எதிர் வீட்டுக் குழாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. அதைப் பற்றி நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை.

"சிஸ்டர், நேத்து எங்க பக்கம் நல்ல பனி," என்பார் கெரிட். "ஆனா இலை மேலயே விழுது. இலை நனைஞ்சா ரோஜாவுக்குப் பூசணம் புடிக்கும். அடியில விழணும்னு கொஞ்சம் சொல்லி வைங்க."

"பனிகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க. எங்க பக்கத்துப் பனி குழாயச் சுருட்டி வைக்காம போயிடுது. நான் தடுக்கி விழப் பாத்தேன்."

ஒரு தடவை வால்நட் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். கூலி ஆகிவிடுமோ என்று யோசித்து, ஊற்றுகிற நாளோடு சேராத ஒரு செவ்வாய்க்கிழமையில் கொடுத்தார். கெரிட் முகர்ந்து பார்த்து, "என் மாடுகளுக்கு இதைத்தான் போட்டேன், நல்லா பால் கறந்துச்சு," என்றார். தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகராட்சியின் வெள்ளை வண்டி வந்து நின்றது. ஆர்டிஸ் அம்மா தெருவைத் தாண்டி வந்து கெரிட்டின் குழாயைக் கையில் எடுத்ததை, வண்டியிலிருந்து இறங்கிய ஆள் பார்த்திருந்தான்.

"அம்மா, இது உங்க வீடா?"

"இல்லப்பா."

"வீட்டுக்காரர் ஊத்தச் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப யாரு சொல்லி ஊத்துறீங்க?"

"யாரும் சொல்லல தம்பி. சொன்னா கெட்டுப்போயிடும்."

அவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "நாளும் சரி, நேரமும் சரி, குழாயும் கையிலதான் இருக்கு. இதுல தப்புன்னு நான் என்னத்தச் சொல்ல? ஊத்துங்கம்மா," என்று வண்டியில் ஏறிவிட்டான்.

செப்டம்பரில் பாலைவனத்திலிருந்து அனல் காற்று வந்த வாரம்தான் பெரிய சோதனை. தெருவில் தார் இளகியது. ஆர்டிஸ் அம்மா ஈரத் துணியை வைத்துக்கொண்டு கட்டிலை விட்டு நகரவில்லை. மேற்கில் வெயில் இறங்கி மரத்தின் மேல் விழுந்தது. மரம் அதைத் தன்மேல் வாங்கிக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புதான். வெண்டெல் வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினார். கல்யாணமான நாள் முதல் வைது வந்த அந்தக் குறட்டைக்கு அன்றைக்கு அவர் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

குளிர்காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலை வெளுத்தது. வசந்தத்தில் நகராட்சி விதியைத் தூக்கிவிட்டது. எந்த நாளிலும் ஊற்றலாம் என்று இன்னொரு பச்சைத் தாள் வந்தது. மல்பெரி கை அகல இலை விட்டு நின்றது.

அடுத்த சனிக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் மரத்தடி ஈரம். வானத்தில் ஒரு மேகமில்லை.

கெரிட் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கெரிட், விதியத்தான் எடுத்துட்டாங்களே! இனி நான் செவ்வாக்கிழமை ஊத்திக்குவேன்."

"எனக்கென்ன தெரியும் சிஸ்டர்? பனிக்கு நகராட்சித் தாள் வாசிக்க வராது போல."

ஆர்டிஸ் அம்மா உள்ளே போனார். மறுநாள் காலை எதிர் வீட்டுக் கார் கிளம்பியதும், பழைய செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார். இலையில் ஒரு துளி படாமல், ஒவ்வொரு ரோஜாவுக்கும் அடியில் பார்த்து ஊற்றினார்.