படகு யார்ட்டுக்கு நாங்கள் போட்ட மான் வேலி

1. திரும்பிப் போன லொறி

வேலை தொடங்கிய முதல் நாள், நான் சொல்லி எடுப்பித்த மண் லொறி கேற்றடிக்கு வந்ததும் மனேஜர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். வீதி வேலையில் தலை நரைத்த பொம்பிளை டெக்னிக்கல் ஒஃபிசர் நான். அழுக்கு மண்ணை அள்ளு, நல்ல மண்ணைக் கொட்டு, ரோலர் விடு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இடம் திருகோணமலை உள்துறைமுகக் கரையில் கைவிடப்பட்ட ஒரு படகு திருத்தும் யார்ட். எஞ்சின் எண்ணெய் ஊறி மண் கறுத்துக் கிடந்தது. அதைப் பூங்காவாக்க வேண்டும், ஆனால் புகை கக்கும் வேலை எதுவும் கூடாது என்பது காசு கொடுத்தவர்களின் நிபந்தனை. இடித்த செங்கல்லில் நடைபாதை, கழற்றிய மரத்தில் ஆட்கள் இருக்க வாங்கு, கூரையில் சோலார். மண்ணை அள்ளி ஏற்றுவதற்குப் பதிலாக வெட்டிவேர்ப் புல் நட்டால், வேரடியில் எண்ணெய் மெல்ல மெல்லச் சிதைந்து மண் தெளியுமாம்.

மனேஜர் கொழும்பிலிருந்து வந்த இளைஞர், கெட்டிக்காரர். லொறி ஓடினாலும் கார்பன், சீமெந்து குழைத்தாலும் கார்பன் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். செங்கல் வேலை செய்யும் மேசன்மாருக்குத் தலைவரான கிண்ணியா நிஸாம் முழு விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், நாங்க மூச்சு விடுறதும் கணக்கில வருமோ?"

மனேஜர் உண்மையாகவே கொஞ்சம் யோசித்துவிட்டு, வராது என்றார்.

எனக்கு இந்தக் காணியில் சொந்த அக்கறை ஒன்று இருந்தது. யார்ட்டின் பின்மதிலுக்கு அங்கால் உள்ள ஒழுங்கையில்தான் என் வீடு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது, ஆனால் அதைக் கண்ணால் காண மெயின் றோட்டைச் சுற்றிப் போகவேண்டும். புல் நன்றாகப் பிடித்தால் இரண்டாம் கட்ட வேலைக்கு அனுமதி வரும், மதிலை உடைத்து ஒழுங்கைப் பக்கமும் பூங்காவைத் திறப்பார்கள். பிடிக்காவிட்டால் காணி முழுக்கக் கொங்கிறீட் போட்டுக் கொள்கலன் அடுக்குவார்கள். பென்சனில் போகமுதல் அந்த மதில் விழுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

2. மேய வந்தவர்கள்

திருகோணமலை டவுனில் மான் திரிவது வெளியூர்க்காரருக்குத்தான் புதினம். பஸ் ஸ்ராண்டில் மான் படுத்திருந்தால் பஸ்தான் விலகிப் போகும். புல் ஒரு சாண் வளர்ந்ததும் அவை வந்து குருத்தைக் கடித்தன, மிச்சத்தை மிதித்துவிட்டுப் போயின. திரும்ப நட்டோம். திரும்ப வந்தன. அந்த மண்ணில் முளைத்ததைத் தின்று ஒரு மான் செத்தாலும் ஊர் எங்களைச் சும்மா விடாது என்ற பயம் வேறு.

கயிற்றில் வெறும் தகரப் பேணி கட்டித் தொங்கவிட்டோம். மான்கள் காதை நிமிர்த்திச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மேய்ந்தன. மனேஜரின் பழைய ஹெல்மெற்றையும் செம்மஞ்சள் ஜக்கெற்றையும் ஒரு பொம்மைக்கு மாட்டினோம். ஒரு கலைமான் அதில் கொம்பைத் தேய்த்துச் சுகம் கண்டது. நிஸாம் பழைய மீன்வலை கொண்டுவந்தார். கொம்பு சிக்கும் என்று நான் விடவில்லை.

கடைசியில் மனேஜர், கொங்கிறீட் தூணும் கம்பி வலையும் போடத்தான் வேண்டும் என்றார். போட்டால் கார்பன் கணக்கு எல்லை தாண்டும், இரண்டாம் கட்டமும் போய்விடும் என்று அவரே சொன்னார். எனக்கு அன்று அவர்மேல் கோபமே வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

3. மத்தியானம்

எந்த ஓட்டையால் மான்கள் வருகின்றன என்று பார்க்க, மறுநாள் ஒரு பழைய படகின்மேல் ஏறி இருந்தேன். ஓட்டையாவது மண்ணாவது. ஆட்கள் சாப்பாட்டுப் பார்சலை விரிக்கும் நேரம் பார்த்து, பெரிய கேற்றால் வரிசையாக வந்தன.

யார்ட்டில் நிழல் என்றால் புல்லுப் பாத்தியோரம் நின்ற வேம்பு ஒன்றுதான். எல்லாரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். நிஸாம் ஏதோ கதைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் ஒரு பிடி சோற்றைப் பக்கவாட்டில் நீட்டினார். மான் ஒன்று வந்து நக்கித் தின்றது. கட்டைபறிச்சானிலிருந்து வரும் காவல்காரர் கணேசண்ணை வாழைப்பழத்தை உரித்துத் தோலை ஒரு மானுக்கும் பழத்தில் பாதியை அதன் குட்டிக்கும் கொடுத்தார். ஆளுக்கொரு சொந்த மான் இருந்தது. சோறு முடிந்ததும் அவை பாத்திக்குள் இறங்கிக் கீரை சாப்பிடுவதுபோல எங்கள் புல்லைக் கடித்தன.

நான் இறங்கிப் போய், "நிஸாம், வந்தா காலை முறிப்பன் எண்டு காலமை சொன்னீங்களே?" என்றேன்.

"அது காலமை, மிஸ். சாப்பிடேக்க முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா குடுக்காம ஏலாதே."

இந்த ஊரில் யாரும் அதை மானுக்குத் தீனி போடுவதாக நினைப்பதில்லை. பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பது, அவ்வளவுதான். மனேஜரிடம் முறையிடலாம் என்று ஒஃபிஸின் பின்பக்கம் போனேன். அவர் ஒரு மான்குட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கிறீம் கிறேக்கர் பிஸ்கற் ஒன்றை இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பைக்கற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இது குட்டி, மிஸ்," என்றார்.

4. வேலி

கொடுக்காதே என்று சட்டம் போட்டால் கொடுப்பதை ஒளித்துச் செய்வார்கள், அவ்வளவுதான். ஆகவே சாப்பாட்டை நிற்பாட்டாமல், சாப்பிடும் இடத்தை மாற்றச் சொன்னேன். றோட்டுப் பக்கம், எண்ணெய் படாத மூலையில், கழற்றிய மரமும் பழைய தகரமும் கொண்டு ஒரு கொட்டில் போட்டோம். தண்ணீருக்கு ஒரு தொட்டி, சோறு சுற்றி வரும் லஞ்ச் ஷீற் போட மூடியுள்ள வாளி. ஒரு பிடி சோற்றுக்கு இவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா என்று நிஸாம் முணுமுணுத்தார். மான்கள் முணுமுணுக்கவில்லை. முதலில் வேம்படியில் போய்க் காத்து நின்றன, பிறகு வாசம் பிடித்துக்கொண்டு வந்தன. சில நாளில் கேற்றால் நுழைந்ததும் நேரே கொட்டிலுக்குத் திரும்பப் பழகிவிட்டன. புல் முழங்கால் அளவுக்கு வந்தது.

காசு கொடுத்தவர்கள் சார்பில் பார்வையிட வந்த வெளிநாட்டு அம்மையாருக்குப் புல் பிடித்துக்கொண்டது. மானை எப்படித் தடுத்தீர்கள், வேலியை எதனால் செய்தீர்கள் என்று கேட்டார். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனேஜர் என்னைப் பார்த்தார்.

"சோறு," என்றேன்.

மொழிபெயர்த்த பெடியன் என்னிடம் இன்னொருக்கால் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். விவரம் போதாது என்று நினைத்த நிஸாம் முன்னுக்கு வந்தார்.

"வெள்ளிக்கிழமையில கோழியும் இருக்கும். அது நாங்க குடுக்கிறேல்ல."

அம்மையார் நம்பாமல் மத்தியானம் வரை நின்றார். பிறகு தன் பார்சலில் பாதியை ஒரு மானுக்குக் கொடுத்துவிட்டு, மனேஜரின் கிறீம் கிறேக்கரைச் சாப்பிட்டார்.

அனுமதி வந்தது. பின்மதிலைச் செங்கல் செங்கலாகக் கழற்றினோம். அன்று பின்னேரம் என் குசினி யன்னலால் கடல் தெரிந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதேன்.

அடுத்த நாள் காலை என் செவ்வரத்தைப் பூமரம் இலையில்லாமல் மொட்டையாக நின்றது. மதில் இல்லாத பக்கத்தால் மான்களும் வந்திருந்தன. மனேஜர் கேள்விப்பட்டு, வேலி ஏதும் அடிக்கவோ என்று போன் எடுத்தார். வேண்டாம் என்றேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மண்ணைச் சோதியுங்கள், தண்ணீரைச் சோதியுங்கள். வேலிக்குக் குழி தோண்டமுதல், உங்கள் ஆட்கள் எங்கே இருந்து சாப்பிடுகிறார்கள் என்றும் போய்ப் பாருங்கள். நான் இப்போது செவ்வரத்தையை விட்டுத் தள்ளி, முன்வாசலில் இருந்துதான் சாப்பிடுகிறேன்.