ஈரத்தில் கழற்றிய ஃபிலிம்

பிளாஸ்டிக் ஃபிலிமை வெறும் காற்றில் இழுத்தால் ஓர் இடத்தில் மெலிந்து நீளும், அவ்வளவுதான். அதையே ஆல்கஹாலில் முக்கி மெதுவாக இழுத்தால் பால் போல வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள் அதில் திறந்துகொள்ளும். அந்தத் துளைகளுக்குள் வெள்ளி உப்பை ஏற்றிக் கிருமி அண்டாத ஃபிலிம் செய்வதுதான், படூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ஒரே கைடின் கீழ் எங்கள் இருவருக்கும் வேலை.

இருவர் என்றால் நானும் அவளும். நான் மதுராந்தகத்துக்காரன். அவள் கூடுவாஞ்சேரியிலிருந்து பஸ் மாறி மாறி வருவாள். ஃபிலிமை இழுக்கும் கருவியின் கைப்பிடியை நான் சுற்றுவேன், அவள் ஆல்கஹால் தட்டின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"மெதுவா சுத்துப்பா, இன்னா அவசரம்? இப்பதான் வெளுத்துகினு வருது" என்பாள். அந்த அதட்டலைக் கேட்பதற்காகவே பல நாள் வேகமாகச் சுற்றியிருக்கிறேன்.

இந்த வேலையில் ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. இழுத்த ஃபிலிமை, அதன் இரு முனையையும் இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்போடு உப்புக் கரைசலில் ஊறவிட்டு, கிளாம்போடுதான் காயவைக்க வேண்டும். ஈரத்தில் கழற்றினால் சுருங்கிவிடும். துளைகள் மூடிக்கொள்ளும், உள்ளே எதுவும் தங்காது.

அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை ரயில். கடைசியாக ஒரே ஒரு ஃபிலிம்தான் பாக்கி, அது நன்றாக வந்துவிட்டால் மறுநாளிலிருந்து அவள் வர வேண்டியதில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் கிளாம்பின் ஸ்க்ரூவை நான் தளர்த்திவிட்டேன்.

காலையில் ஃபிலிம் சுருண்டு கிடந்தது.

"ஸ்க்ரூ லூஸாயிருக்கும்" என்றேன். அவள் ஸ்க்ரூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, இன்னொண்ணு போடுவோம்" என்றாள். செவ்வாயும் அதே கதை, புதனும் அதே கதை. அவள் உழைப்பில் மண்ணைப் போடுகிறோமே என்று உறுத்தாமல் இல்லை. ஆனால் மறுநாள் காலை அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைவதைப் பார்த்ததும் அந்த உறுத்தல் ஓடிப்போய்விடும்.

வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்கு நிலம் உண்டு. அவள் தாத்தா அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர். அவள் வீட்டில் சர்ச்சுக்குப் போவார்கள். இதையெல்லாம் ஒரு பொருட்டாக நினைப்பவனல்ல நான் என்று கேன்டீனில் வாய் கிழியப் பேசுவேன். அப்பா முகத்தை நினைத்தால் மட்டும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதற்குக் கோழைத்தனம் என்று பெயர்.

வியாழக்கிழமை நான் கை வைக்கவில்லை. இனியும் கெடுத்தால் வேலையை முடிக்காமலே அவள் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை காலை ஃபிலிம் வெள்ளைவெளேரென்று, சுருங்காமல் காய்ந்திருந்தது. இவ்வளவு அழகான ஃபிலிமை நாங்கள் செய்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

மத்தியானம், "வா, மாமல்லபுரம் போய் கடலப் பாத்துட்டு அப்படியே வூட்டுக்குப் போறேன்" என்றாள். மணலில் உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிட்டோம். அவள் புனேயில் பார்த்து வைத்திருக்கும் ஹாஸ்டலைப் பற்றிப் பேசினாள், நான் தலையாட்டினேன். பிறகு பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அங்கிருந்து அவள் செங்கல்பட்டு போய்க் கூடுவாஞ்சேரிக்கு மின்சார ரயில் பிடிப்பதாகத் திட்டம்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, "மூணு நாளும் ஸ்க்ரூ தானா லூஸாச்சா?" என்று கேட்டாள்.

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"மொத நாளே தெரியும் எனக்கு. கைடுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ காலி. ஏன் சொல்லலன்னு யோசிச்சியா? இன்னிக்காவது நீ வாயத் தொறப்பேன்னுதான் தெனம் வந்துகினு இருந்தேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் சொல்லக்கூடும் என்று அப்போதும் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"செங்கல்பட்டு பஸ் வந்துடுச்சு. ஏறு, சீட்டு கிடைக்கும்" என்றேன்.

கிடைத்தது. ஜன்னலோரம்.