அத்தையின் இலங்கைப் பெட்டி

மேடவாக்கத்தில் தண்ணீர் சுமந்து ஓடுகிற லாரிகளில் பதினொன்று என்னுடையவை. கீழ்க்கட்டளையில் கல்யாண மண்டபம் ஒன்று, ஏ.சி. வைத்தது. அதற்குப் பின்னால் நாலு மாடிக் குடியிருப்பு. தூணுக்குக் குழி தோண்டியபோது ஊற்று பீறிட்டு, இன்ஜினியரே கையை விரித்துவிட்டுப் போன மனை அது. அங்கேயே கொட்டகை போட்டுப் படுத்துக் கட்டி முடித்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. முதலில் ஓட்டியது மாட்டுவண்டி, அந்த மாடும் இரவல். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட என்னைப் பார்த்துப் போன வாரம் என் பேத்தி, "தாத்தா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. தோழிகளோடு இலங்கைக்குச் சுற்றுலா போகிறாள். கூடம் முழுக்கத் துணி இறைந்து கிடந்தது. "சின்ன நாடுதான் தாத்தா. ஆனா கொழும்புல வேர்த்துக் கொட்டும், நுவரெலியால ஸ்வெட்டர் இல்லாம முடியாது. ஒரு பக்கம் மழை, இன்னொரு பக்கம் காயும். எல்லாத்தையும் ஒரே பேக்ல எப்படி அடுக்கறது?" என்று, என்னமோ தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னாள். அந்த நாட்டுக்கு அரைக்கால் சட்டையோடு பெட்டி அடுக்கியவன் நான்.

அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கல்யாணம் ஆன கையோடு மாமா இலங்கையில் தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை வேலைக்குப் போனவர். பிறகு வருஷக்கணக்கில் சத்தமே இல்லை. திடீரென்று ஒரு நாள், அத்தையை அனுப்பி வைக்கச் சொல்லி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பாஸ்போர்ட் வேலையையும் அந்த ஆளே முடித்துக் கொடுத்தார். வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

என்ன எடுத்துப் போவது என்பதில்தான் சண்டை.

"இத்தினூண்டு ஊரு அது," என்றார் அப்பா. "காலைல இந்த மூலைல இட்லி துன்னா, சாயங்காலம் அந்த மூலைல டீ குடிக்கலாம். நம்மூரு வெயிலுதான் அங்கியும். நாலு பொடவ போதும்."

கோவளத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மா விடவில்லை. "அய்ய, உனக்கு இன்னா தெரியும்? என் கொழுந்தன் காத்துல மாட்டிகினு அந்தாண்ட கரைக்கே பூட்டான். எங்க பாத்தாலும் பனமரம், வாயில வைக்க முடியாத உப்புத் தண்ணி. ஒரு கொடம் எடுத்துக்கோ கண்ணு."

ஸ்டேஷன் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் அந்த மலைநாட்டிலேயே, மாமா இருந்த தோட்டத்துப் பக்கம், பிறந்து வளர்ந்து திரும்பியவர். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அவங்க சொல்றதும் அந்த நாடுதான். ஆனா தங்கச்சி போறது மலைக்கு. பட்டப்பகல்ல வாயில புகை வரும். மழையில நடந்தா காலெல்லாம் அட்டை ஏறும், உப்பு முடிச்சு வேணும்" என்றார்.

ஒவ்வொருவர் பேச்சுக்கும் பெட்டி கொட்டப்பட்டு மறுபடி அடுக்கப்பட்டது. அந்தக் களேபரத்தில் உருப்படியாக வேலை செய்தவன் நான் ஒருவன்தான். பழைய மிலிட்டரிக் கம்பளி எங்கே கிடைக்கும் என்று தேடிப் பிடித்தேன். துணிக் கிழிசலில் உப்பு முடிச்சுகள் கட்டினேன். அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க, ஏரியிலிருந்து அட்டை பிடித்துவந்து என் காலிலேயே விட்டுப் பார்த்தேன். அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடியது. முடிச்சு வேலை செய்தது.

டீக்கடைக்காரர்தான் மறுநாள் வந்து, நல்லெண்ணத்தில், அந்தக் குண்டைப் போட்டார். "பசங்களுக்கும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கங்க தங்கச்சி. பெரியவனுக்கு எட்டு வயசாகுது, சளித் தொந்தரவு. தாயும் போயிருச்சு, பாவம்."

அத்தையின் கை மடித்துக்கொண்டிருந்த புடவையிலேயே நின்றது. அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்து, வந்த வழியே திரும்பிப் போனாள்.

"எத்தினி பேரு?" என்று அத்தை கேட்டாள்.

டீக்கடைக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "கடைய தொறந்து போட்டு வந்துகீற, கெளம்பு நீ" என்றார் அப்பா.

எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வீட்டில் எட்டு வயதுப் பையன் நான்தானே! மூக்கு ஒழுகுவதும் எனக்குத்தான். ரகசியமாக என்னையும் அனுப்பப் போகிறார்கள், அதனால்தான் எல்லோரும் இப்படி முழிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு நாள் அத்தை பெட்டியைத் தொடவே இல்லை. அப்புறம் தானாகப் பஞ்சாங்கத்தை எடுத்தாள். வியாழக்கிழமை ரயில். வியாழனில் தெற்கே சூலம், அந்தத் திசையில் புறப்படக் கூடாது. அதற்குப் பரிகாரம் எங்கள் பக்கத்தில் உண்டு. முதல் நாள் நல்ல நேரத்தில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். வெளியேறிய பெட்டி திரும்பி வீட்டுக்குள் வரக் கூடாது. "பொதன்கெழம காலைல பக்கத்து வூட்டுல வெச்சிடலாம். நானும் பெட்டியோடவே அங்க தங்கிக்கறேன்" என்றாள் அத்தை. பக்கத்து வீடு எங்களுக்குத் தெற்கே இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி அங்கே குடியிருந்தாள்.

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா, அதுக்கே மனசு வந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா உலையைப் பார்க்க எழுந்து போனாள்.

புதன்கிழமை காலை, கற்பூரம் காட்டி, அப்பாவும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். மத்தியானம் அப்பா வேலைக்குப் போனபின், அத்தை வேலி ஓரம் நின்று என்னைக் கூப்பிட்டாள். பெட்டியை ஸ்டேஷன் வரை தூக்கிவர முடியுமா என்றாள். காலையில் இரண்டு பேர் முக்கித் தூக்கியதை நான் ஒருவனே தலையில் வைத்து நடந்தேன். என் பலத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிளாட்பாரத்தில்தான் சந்தேகம் வந்தது. "அத்த, இலங்கைக்குப் போற வண்டி அந்தாண்ட நிக்கும். இது பீச்சுக்குப் போற வண்டி."

"தெரியும்டா."

"எனக்கு சட்ட துணி எடுத்துக்கினியா?"

"உனக்கு இன்னாத்துக்கு?"

"நானுந்தான வரேன். எட்டு வயசுப் பையனுக்கு ஸ்வெட்டர்னு அவரு சொன்னாரே."

அத்தை என்னையே பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "அது நீ இல்லடா ராஜா" என்றாள். வண்டி வந்தது. பெட்டியை நான்தான் உள்ளே தள்ளினேன். "நாளைக்குக் காலைல வரைக்கும் வாயத் தொறக்காத" என்று ஜன்னலிலிருந்து சொன்னாள். பிளாட்பாரத்தில் நான் மட்டும் நின்றேன். நான் இல்லையென்றால் அது யார்?

வியாழக்கிழமை காலை வாசலில் ஜட்கா வண்டி காத்திருந்தது. அம்மா புளிசாத மூட்டை கட்டி வைத்திருந்தாள். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். நர்ஸ் அக்கா திறந்தாள்.

"அவ நேத்து மத்தியானமே பூட்டாண்ணே. நர்சு படிப்புக்குச் சேத்துக்கறாங்க. நான் படிச்ச ஆஸ்பத்திரிதான். பயப்படாதீங்க."

"எங்க?"

"வடக்க. ரேணிகுண்டா தாண்டி."

அப்பா அப்படியே நின்றார். என் ஆயுளில் அப்படி ஒரு முகத்தை மறுபடி பார்த்ததில்லை. "பொதன்கெழம வடக்க சூலமாச்சே!" என்று கத்தினார். உள்ளே கட்டிலில் கம்பளி, ஸ்வெட்டர், குடம், என் உப்பு முடிச்சுகள், எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன.

"பெட்டிய யாரு தூக்கினது?"

"நான்தான்! ஒத்த ஆளா!" என்றேன், மார்பை நிமிர்த்தி.

விழுந்த அறையில் காது இரண்டு நாள் ஊதியது. யாரும் என்னைத் தடவிக்கொடுக்கவில்லை. புளிசாதத்தை எங்களுக்கே பிரித்துப் போட்டாள் அம்மா. எப்போதும் கடைசியில் மிச்சத்தைத் தின்பவள், அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து இரண்டு கை கூடவே போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மாமாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்ததும், அந்த அம்மாள் செத்தபின் பிள்ளைகளுக்குச் சோறாக்க ஆள் தேடித்தான் அத்தையைக் கூப்பிட்டார் என்பதும், அது எங்கள் அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதும் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது. பெற்றவருக்குச் சமமான அண்ணன், தெரிந்தே பெட்டி கட்டினார்.

அத்தை தலைமை நர்ஸாகி ஓய்வு பெற்றாள். போன வருஷம் காலமானாள். அவளிடம் வேலை பழகிய பெண்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்களாம். அச்சுக்குப் போகும் முன் எனக்குப் படித்துக் காட்டினார்கள். "யாருடைய துணையும் இன்றி, தன்னந்தனியாக வீட்டை விட்டுப் புறப்பட்டார்" என்று எழுதியிருக்கிறார்கள்.

தன்னந்தனியாகவா? ஒரு ஆள் கூட இருந்தான். எட்டு வயது. தலையில் பெட்டி. எதைத் தூக்குகிறோம் என்று அவனுக்குத் தெரியாதுதான். தெரியாது என்பதற்காகத் தூக்கவில்லை என்று ஆகிவிடுமா? அந்த வரியைத் திருத்துங்கள். அண்ணன் மகன் பெட்டி தூக்கி வந்து ரயிலேற்றினான் என்று, மற்ற எழுத்தின் அளவிலேயே போடுங்கள். அதுவரை அச்சுக்குக் கொடுக்கச் சம்மதிக்க மாட்டேன்.