கேரியர் மூடியில் வெட்டிய பெயர்

ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பலில் கோதுமை ஏற்றுவதற்கு முன் ஒருவர் அடிக்கிடங்குக்கு இறங்கி வருவார். கையில் வெள்ளைக் கையுறை. நாங்கள் மூன்று நாள் பெருக்கிக் கழுவிய இரும்புச் சுவரை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். போன நடையில் வந்த கரித்தூள் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து. நம்மூரில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு நோண்டிப் பார்க்கமாட்டார்கள். இங்கே மூட்டைப் பேச்சே கிடையாது. குலுக்கையில் நெல்லைக் கொட்டுவதுபோல, கரியோ உரக்கல்லோ தானியமோ அப்படியே கிடங்கில் கொட்டுகிறார்கள். நேற்றுக் கரி கிடந்த இடத்தில் நாளைக்கு ஊர் சாப்பிடுகிற கோதுமை. நடுவில் துடைப்பத்தோடு நிற்பவன் நான்.

மதியம் நான் திறக்கும் எவர்சில்வர் கேரியரை, என்னோடு பெருக்கும் பீட் முதலில் ஏதோ எஞ்சின் சாமான் என்றே நினைத்தான். பிறகு மூடியில் வெட்டியிருந்த எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டான். "என் பேர்" என்றேன். அது பாதிப் பொய்.

எழுபதுகளின் கடைசியில் நான் கப்பலிலேயே வேலை பார்த்தேன். அப்போதும் இதே துடைப்பம்தான். ஆனால் அவனியாபுரத்துக்கு எழுதிய கடிதங்களில் நான் ஆபீசர். அப்பா இல்லாத வீட்டில், ஏர் பிடித்து என்னைப் படிக்கவைத்த அண்ணன் அந்தக் கடிதங்களை டீக்கடையில் வாசித்துக்காட்டுவாராம்.

ஒருமுறை எங்கள் கப்பல் உரத்துக்கான பாஸ்பேட் கல்லோடு தூத்துக்குடிக்கே வந்தது. தேதியை வேறு எழுதித் தொலைத்திருந்தேன். நானே ஊருக்கு வருகிறேன், நீங்கள் அலைய வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன். அண்ணன் கேட்பாரா? யாரோ லாரி டிரைவரைப் பிடித்து, பாஸ் வாங்கி உள்ளே வந்துவிட்டார். கிடங்கைப் பெருக்கிவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு இறங்கி வருகிறேன், கப்பல் ஏணிக்குக் கீழே நிற்கிறார். எனக்குத் தலை முதல் கால்வரை வெள்ளைத் தூள். முகத்தைச் சுற்றித் துண்டு, கண் மட்டும் வெளியே.

"அண்ணே," என்றார். கூடப் பிறந்தவர், என்னைப் பார்த்து. "இந்தக் கப்பல்ல செல்வம்னு ஆபீசரு, எந்தம்பி. கொஞ்சம் கூப்பிட்டு விடுறீகளா?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். வெளியே போயிருக்கிறார் என்பதுபோல ஊர்ப் பக்கம் கையைக் காட்டினேன். அடப் பாவி, துண்டை அவிழ்க்க ஒரு கை போதாதா? அவிழ்க்கவில்லை. வெட்கம். அதற்கு வேறு பெயர் வைத்து ஏமாற்ற எனக்கு இஷ்டமில்லை.

அவர் கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்தார். பிறகு கையிலிருந்த கேரியரை நீட்டினார். "கோழிக் கொழம்பு. வீட்ல விடியுமுன்ன எந்திருச்சு வச்சது. அவன் வர நேரமாச்சுன்னா கெட்டுப்போயிரும், நீங்களே சாப்பிட்டுருங்கண்ணே. கைய நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடுங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கேரியர் புத்தம் புதுசு. பெயர் வெட்டாமல் நம் ஆட்கள் பாத்திரம் வாங்குவார்களா? மூடியில் வெட்டியிருந்தது: 'கப்பல் ஆபீசர் செல்வம், அவனியாபுரம்.'

நான் ஊருக்குப் போகவேயில்லை. கப்பலோடு கிளம்பி, பிறகு ராட்டர்டாமில் இறங்கி இங்கேயே தங்கிவிட்டேன். அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. "தம்பி, கொழம்புல காரம் கூடிப்போச்சுன்னு உன் மதினி வருத்தப்பட்டா. தூசிக்குள்ள வேல பாக்குற, தெனமும் கொஞ்சம் வெல்லம் தின்னு. ஒன்னய ஆபீசர் உடுப்புல பாத்தேன்னுதான் ஊர்ல சொல்லியிருக்கேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

பொய் பேசத் தெரியாத மனிதரை என் பொய்க்குக் காவல் வைத்துவிட்டேன். பதில் கடிதத்தில்கூட உண்மையை எழுதவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதினேன்.

வேறு கேரியர் வாங்க முடியாமல் இல்லை. இதை ஊருக்கு எடுத்துப்போனால் தெருவில் போகிற எவரும் மூடியைப் படித்துவிடுவார்கள். இங்கே படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தினமும் கையை நன்றாகக் கழுவிவிட்டு, ஆபீசருக்கு வந்த கேரியரை, பெருக்குகிறவனான நான் திறந்து சாப்பிடுகிறேன்.