மகளின் முழங்கால்

எனக்கு வந்திருப்பது சோரியாசிஸ் என்று தெரிவதற்கு முன்பே, வீட்டில் தனி சோப்பு, தனி துண்டு, தனி பாய் என்று ஒதுங்கிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகப் பயந்து செய்தது. முழங்கை இரண்டும் சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரும். ஆறு வயது மகள் மடியில் ஏற வந்தால் செய்தித்தாளை அகலமாக விரித்துக்கொள்வேன்.

தி.நகர் தோல் டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது ஒட்டவே ஒட்டாது சார். தாராளமா கொழந்தையத் தூக்குங்க." அரை நிமிடம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குள் அவரே, "முழுசா போவாது, ஆனா களிம்பு விடாம பூசினா கட்டுல வெச்சுக்கலாம். சொறியாதீங்க, காயம் பட்ட எடத்துல புதுசா கெளம்பும். குடும்பத்துல வேற யாருக்காவது வரலாம், வராமலும் போவலாம்" என்றார். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. 'காயம்', 'குடும்பம்' இரண்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டன.

அந்த மாதமே, மயிலாப்பூரில் எங்கள் தெருவில் வாடகை சைக்கிள் ஓட்டிய மகள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள்.

தேனாம்பேட்டை ஆபீசுக்குக் கிளம்புமுன் தினமும் அவளை ஜன்னலோரம் நிறுத்தி முழங்காலைத் தடவிப் பார்ப்பேன். பொருக்கின் ஓரம் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தாலும் குனிந்து மறுபடி மறுபடி பார்ப்பேன். இந்தக் கவலையில் என் களிம்பை நான் பூசவே இல்லை. சொறிந்து சொறிந்து சட்டைக் கையில் ரத்தக்கறை. மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பொருக்கு உதிர்ந்திருக்க வேண்டிய வாரத்தில், கவுனைத் தவிர எதையும் தொடாதவள் பாவாடைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். அதுவும் மே மாத வெயிலில். மனைவிக்கு ஒரே பூரிப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. வந்துவிட்டது, அதைத்தான் மறைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"முட்டியக் காட்டு" என்றேன். பாவாடையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அழுதாள். மனைவி ஓடிவந்து, சமாதானம் சொல்லி மெல்ல விலக்கிப் பார்த்தாள். இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். வேறொன்றும் இல்லை.

"நல்லாத்தானே ஆறியிருக்கு, ஏண்டி மறைச்ச?"

"அப்பா பாக்கறப்ப அவரு மூஞ்சி எப்படியோ ஆயிடுதும்மா. எனக்கு என்னமோ வந்துடுச்சுன்னு பயமா இருந்திச்சு."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளைத் தூக்கினேன். அவள் கை என் கழுத்துக்கு வரவில்லை. முழங்காலை மூடியபடியே இருந்தது.