இருட்டிய பிறகு எங்கள் நேரம்

பூங்காவில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பொதுவாக ஒரு பாதை போடப்போகிறோம், வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். போனேன். நாலு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குப் புதிதாக வந்திருந்த பொறியாளர் சுவரில் படம் காட்டினார். குளத்தைச் சுற்றி ஒரே பாதை. இரண்டாகப் பிரிக்க அகலம் போதாததால் நேரத்தைப் பிரித்திருந்தார்கள். மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை சைக்கிள். ஐந்தரை முதல் ஏழரை வரை நடப்பவர்களும் குழந்தைகளும்.

ஐந்தரை என்றதும் உறுத்தியது. நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் தீவு இது; மழைக்காலம் முடிந்தால் இங்கே ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். கடிகாரம் மட்டும்தான் டெல்லிக்காரர்களுடையது. ஆனாலும் எழுந்து சொல்லவில்லை. இவ்வளவு படித்தவர் யோசிக்காமலா போட்டிருப்பார், விளக்கு வைப்பார்களாயிருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். டீ வந்தது, சம்மதக் கையெழுத்துக்குத் தாள் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பாதை திறந்தபோது விளக்கு இல்லை. நேரம் எழுதிய பலகை மட்டும் இருந்தது.

நவம்பரில் ஒரு நாள், இருட்டுவதற்குள் என்று நாலரை மணிக்கே மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். குளத்தோர வளைவில் ஒரு சைக்கிள் வந்த வேகத்தில் அவள் தோளை இடித்துத் தள்ளியது. உதடு கிழிந்து ரத்தம். ஓட்டி வந்தவர் இறங்கி மன்னிப்பாவது கேட்டார். காவலாளி பலகையைக் காட்டினார்.

"மேடம், யே சைக்கிள் கா டைம் ஹை. உங்க டைம் சாடே பாஞ்ச், அஞ்சரைக்கு மேல. சின்னப் புள்ளைய வெச்சுக்கிட்டு ரூல் பாக்க வேணாமா?"

எனக்குத் தெரிந்த ரூல்தான். நான் கையெழுத்துப் போட்ட ரூல்.

சாத்தம் ஜெட்டியில் படகிலிருந்து இறங்கி வீடு வந்த கணவர், குழந்தையின் முகத்தைத் திருப்பி உதட்டைப் பார்த்தார். பிறகு, "மீட்டிங்குக்குப் போனியே, அப்ப வாயில என்ன, பிஸ்கட்டா?" என்றார். சிரிப்பு வரவில்லை. அன்று முழுவதும் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை எனக்கு. பாதையை விட்டுப் புல்லில் நடத்தியிருக்கலாமோ? கையை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கலாமோ? தாய் தன்னையே இப்படிக் குடைந்துகொண்டிருந்தால் பலகை எழுதியவருக்கு எவ்வளவு சௌகரியம்!

மறுநாள் அலுவலகத்துக்குப் போய் அதே பொறியாளரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஆபீஸ் விட்டு வர்றவங்க நடக்கத்தாம்மா அந்த நேரம். எங்க ஊர்ல அதுதான் வாக்கிங் டைம்."

"உங்க ஊர்ல அப்ப வெளிச்சம் இருக்கும் சார். இன்னிக்கு ஐந்தரைக்கு வந்து ஒரு சுற்று நடந்து பாருங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அதிகப்பிரசங்கித்தனமோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

வந்தார். நானும் மகளும் வாசலில் நின்றிருந்தோம். குளம் எங்கே முடிகிறது, பாதை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இருட்டு. நடக்க ஒருவரும் இல்லை. தாம் வைத்த பலகையைப் படிக்க அவர் போனில் டார்ச் போட்டார்.

"அந்த அங்கிள் என்ன தேடுறாரு?" என்று கேட்டாள் மகள்.

அவர் டார்ச்சை அணைத்தார். "விளக்குக்கு எழுதிடலாம்மா."

"விளக்கு வர்ற வரைக்கும்? மூன்றரையிலேருந்து நாலரை குழந்தைகளுக்கு விடுங்க சார். பெரியவங்க அதுக்கப்புறம் ஓட்டட்டும்."

"பாக்கலாம். புகாரை விசாரிச்சாச்சுன்னு இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க." ஃபைலைத் திறந்து பேனாவையும் நீட்டினார்.

பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. மடக்கிக்கொண்டேன்.

"இருட்டுல எழுத்து தெரியல சார். நாளைக்கு நாலு மணிக்கு இங்கேயே கொண்டு வாங்க. புது நேரத்தையும் அதுல எழுதிக்கிட்டு வாங்க. வெளிச்சத்துல படிச்சிட்டுப் போடறேன்."