தண்ணீர் ஊற்றிய சிப்பி

அண்ணி எங்கள் விழுப்புரம் வீட்டுக்கு வந்தபோது பிறந்த வீட்டுப் பொருளாக அவள் கையில் இருந்தது ஒரு சிப்பி மட்டும்தான். உள்ளங்கை அகலம், விரித்த விசிறி போல வரிவரியாக இருக்கும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயிலை அவள் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சாமியார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியது அந்தச் சிப்பியால்தான், அண்ணிக்கும் அதில்தான். கோயிலுக்கு வெள்ளிச் சிப்பி வந்ததும் பழையதை மகளுக்குக் கொடுத்திருக்கிறார். எந்த வரியைப் பிடித்துப் போனாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும், பிள்ளைகளும் அப்படித்தான் என்பாராம். அவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டதும் அந்த மனிதரே கதவைச் சாத்திவிட்டார்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அழகாயிருக்கிறதே என்று சாமி மாடத்தில் வைத்துக் குங்குமம் கொட்டிவிட்டாள். அண்ணி அதை அப்படியே விட்டுவிட்டாள்.

ஏழாம் மாதத்திலேயே பையன் பிறந்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை, இனி நம்பிக்கையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் ஆன அண்ணியால் எழுந்திருக்க முடியவில்லை. “அந்தச் சிப்பிய எடுத்துக்கினு ஜல்தியா வா” என்றாள் என்னிடம். வீட்டில் அம்மா ஏன் என்று கேட்காமல் தானே கழுவித் துடைத்துக் கொடுத்தாள். வரிகளுக்குள் மட்டும் சிவப்பு போகவில்லை.

அண்ணன் கூப்பிடப் போன சாமியார் வந்து சேரவில்லை. என்னையே ஊற்றச் சொன்னாள் அண்ணி.

“நான் உங்க சாமிய கும்பிடறவ இல்லியே அண்ணி.”

“ஆபத்துக்கு யார் ஊத்துனாலும் செல்லும். அவனுக்காக ஊத்து, போதும்.”

நர்ஸ் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டார். அண்ணி சொல்லிக்கொடுத்த வார்த்தைகளைச் சொல்லி ஊற்றினேன். எலுமிச்சை அளவுதான் இருப்பதாகத் தோன்றிய அந்தத் தலையில் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. மத்தியானத்துக்குள் போய்விட்டான்.

செய்தி கேட்டு சாயங்காலம் அவள் அப்பா வந்தார். வார்டு வாசலில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “தண்ணி தலையில ஓடுச்சாம்மா?” ஓடுச்சிங்க என்றேன். உள்ளே போய் மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “நம்ம வூட்டுக்கு எடுத்துக்கினு போலாம்மா” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அண்ணி அத்தனை வருஷம் காத்திருந்தாள். அது பிள்ளையின் உடலுக்குக் கிடைத்தது. சிப்பியை அவரே குழிக்குள் வைத்தார்.

அண்ணிக்கு அப்புறம் குழந்தை தங்கவில்லை. அவள் அப்பாவும் இப்போது பேரனுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். கல்லறைத் திருநாளுக்கு அண்ணியோடு வருஷா வருஷம் நானும் போகிறேன். போன தடவை பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு அம்மா, அண்ணியின் அப்பாவுக்காக வந்தோம் என்று நினைத்து, என்னை யாரென்று விசாரித்தார்.

“எம் பையனுக்கு ஞானத்தாய்” என்றாள் அண்ணி.

“பையன் என்னா படிக்கிறான்?”

அண்ணி குனிந்து, காற்றில் அணைந்த மெழுகுவர்த்தியை ஏற்றத் தொடங்கினாள். நான்தான் பதில் சொன்னேன்.

“இருந்திருந்தா இந்த வருஷம் காலேஜுங்க.”